தீயும் கரையானும்

ஊரில் ஒரு வைக்கோற்போர் தீப்பற்றிக்கொண்டால் என்ன நிகழும்? ‘தீ! தீ!’ என்னும் கூக்குரல் எழும். குடமும் வாளியும் ஏந்தி ஆடவரும் பெண்டிரும் ஓடி வருவர். பல்லாண்டு பேசாதிருந்த பங்காளியும் அன்று பகை மறந்து நீர் இறைப்பான். அதே தெருவில் வேறொரு வீட்டின் உத்தரத்தைக் கரையான் அரித்துக்கொண்டிருக்கும். அதில் ஓசை இல்லை, புகை இல்லை, ஒளி இல்லை. அதனைக் காண ஒருவரும் ஓடி வாரார். ஒரு நாள் உத்தரம் முறிந்து கூரை வீழும். தீயினால் அழிந்தது ஒரு போர். கரையானால் அழிந்தது ஒரு வீடு. ஆயினும், ஊரார் நெடுநாள் பேசுவது தீயைப் பற்றியே ஆகும்.

மக்களுக்கு நேரும் பேரிடர்களும் இத்தகையனவே. சில இடர்கள் உலகின் கண்களையெல்லாம் தம்பால் ஈர்க்கின்றன. வேறு சில, அவற்றினும் மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்றாலும், அடுத்த ஊரார்க்கும் தெரியாமல் மறைகின்றன. இஃது ஏன்? இவ்வேறுபாட்டால் விளையும் தீமை யாது? இவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

எங்கள் ஊர் வறட்சி

தென்காசி மாவட்டத்தில் உள்ளது சங்கரன்கோவில். சங்கரநாராயணர் திருக்கோயிலாலும், கோமதியம்மையின் ஆடித்தவசு விழாவாலும் புகழ் பெற்ற ஊர் இது. மேற்கே நோக்கினால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலநிறமாய்த் தோன்றும். எனினும், ஆண்டு முழுதும் நீர் சுமந்து வரும் ஆறு ஒன்றும் இவ்வூர்ப் பக்கம் பாயவில்லை. சுற்றியுள்ள சிற்றூர்கள் குளத்தையும் கிணற்றையும் நம்பி வாழ்வன. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்தால் மானாவாரி நிலங்களில் உளுந்தும் சோளமும் பருத்தியும் விளையும். மழை பொய்த்தால் விதைத்த விதையும் மீளாது.

இவ்வூரை அடுத்த ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். 2002, 2003ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மழை பொய்த்தது. குளங்கள் வறண்டு பாளம் பாளமாய் வெடித்தன. முதலில் ஆடுமாடுகள் சந்தைக்குச் சென்றன. பின்னர்ப் பெண்டிரின் காதணிகள் அடகுக் கடைக்குச் சென்றன. இறுதியில் மனிதரே ஊரை விட்டுச் சென்றனர். என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். ஒரு செய்யுளை இரு முறை கேட்டால் மூன்றாம் முறை தானே ஒப்பிக்கும் ஆற்றல் உடையவன். ஒரு திங்கட்கிழமை அவன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. “அவன் அம்மா அப்பாவோடு செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டான், ஐயா” என்று பக்கத்தில் இருந்தவன் கூறினான். எந்த ஊர்ச் சூளை என்று நான் வினவவில்லை. வருகைப் பதிவேட்டில் வராமைக் குறி இட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். சில வாரங்களுக்குப் பின் அவன் பெயர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரவர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், நிவாரண நிதிக்கு ஓர் உண்டியல் வைத்தோம். பிள்ளைகள் தம் மண் உண்டியல்களை உடைத்துக் காசு கொணர்ந்தனர். மாற்றுச் சட்டை இல்லாத சிறுவனும் ஒரு ரூபாய் இட்டான். அது கண்டு என் நெஞ்சம் நெகிழ்ந்தது. மாலையில் அக்காசுகளை எண்ணி முடித்து நிமிர்ந்தபோது, என் பார்வை மூன்றாம் வரிசைப் பலகையிற் சென்று நின்றது. நாகப்பட்டினத்துப் பிள்ளைகளின் துயரம் ஏறத்தாழ இருநூறு கல் தொலைவைக் கடந்து எங்கள் வகுப்பறைக்கு வந்துவிட்டது. அவ்வகுப்பறையிலேயே அமர்ந்திருந்த ஒருவனின் துயரமோ, நான்கு முழத் தொலைவில் நின்ற என்னை வந்து அடையவில்லை!

ஆழிப்பேரலைக்கு இரங்கியது தவறன்று, அஃது அறமே. சூளைக்குச் சென்றவனைப் பற்றி ஒரு சொல்லும் வினவாததே தவறு. இத்தவறு எனக்கு மட்டும் உரியதன்று; உலகம் முழுதும் இதனைச் செய்கின்றது. இதன் காரணங்களை இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

கவனம் செல்லும் வழி

முதற் காரணம் விரைவு. புயலுக்கும் நிலநடுக்கத்திற்கும் நாளும் நாழிகையும் உண்டு. வறட்சிக்கு அவை இல்லை. மழை பெய்யாத முதல் நாளில் அது தொடங்கிற்றா? நாற்பதாம் நாளில் தொடங்கிற்றா? எவரும் கூற இயலாது. நேற்று நடந்ததைக் கூறுவது செய்தித்தாளின் தொழில். ‘நேற்றும் மழை பெய்யவில்லை’ என்பதைத் தலைப்பில் இட்டு விற்கும் செய்தித்தாள் எங்கேனும் உண்டோ?

இரண்டாம் காரணம் காட்சி. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இரயிலைக் கடலலை கவிழ்த்தது. அதிற் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்புயலில் தீவின் பிற பகுதிகளிலும், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் மாண்டவர்களின் தொகை இதனினும் பன்மடங்கு ஆகும். ஆயினும், தனுஷ்கோடி என்றவுடன் நம் மனத்தில் எழுவன அவ்விரயிலும், மணலிடையே இடிந்து நிற்கும் தேவாலயமுமே. படமாக அமையும் துயரம் நினைவில் நிற்கின்றது. படமாக அமையாத துயரம் கணக்கில் மட்டும் நிற்கின்றது.

மூன்றாம் காரணம் உறவுணர்ச்சி. தம்மைப் போன்றவர் துன்புறக் கண்டால் மக்கள் மனம் விரைந்து இளகும். ஆழிப்பேரலை பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தாய்லாந்துக் கடற்கரையில் விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்த ஐரோப்பியர் பலரும் அதில் மாண்டனர்; சுவீடன் நாட்டினர் மட்டும் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர். சிலர் தம் கைக் கருவிகளால் எடுத்த அசையும் படங்கள் வீடுதோறும் தொலைக்காட்சியில் தோன்றின. செல்வ நாடுகளின் மக்கள் வாரி வழங்கினர். அடுத்த ஆண்டு, 2005 அக்டோபர் 8ஆம் நாள், காசுமீரப் பகுதியில் நிலநடுக்கம் நேர்ந்தது; எழுபதினாயிரவர்க்கு மேல் மாண்டனர். பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, மலைச் சிற்றூர்களில் வீடிழந்தோர் வெட்டவெளியில் கிடந்தனர். ஆயினும், உதவி வேண்டி ஐக்கிய நாடுகள் அவை விடுத்த அழைப்பிற்கு முதல் வாரங்களில் கிடைத்த பொருள் மிகக் குறைவே. அங்கு விடுமுறைக்குச் சென்ற வெளிநாட்டார் அரியர். அலையைப் போன்ற காட்சியும் இல்லை.

நான்காம் காரணம் காலம். மக்களின் கவனம் ஒரு சிறு படி போன்றது. அது வேறொன்றால் நிறைந்திருக்கும்போது புதியது எதுவும் அதனுள் இடம் பெறாது. ஐசன்சே, ஸ்ட்ராம்பர்க் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், 1968 முதல் 2002 வரை உலகில் நேர்ந்த ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடர்களை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும் நாட்களில் நேர்ந்த இடர்களை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் குறைவாகவே காட்டின என்பதும், அதனால் அந்நாட்டு அரசின் உதவியும் குறைந்தது என்பதும் அவர்கள் கண்ட முடிவுகள். மற்றொன்றும் அவர்கள் கண்டனர். எரிமலையால் ஒருவர் மாண்டால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவோ, உணவுப் பஞ்சத்திற்கு அவ்வளவு வாய்ப்புக் கிடைப்பதற்கு ஏறத்தாழ நாற்பதினாயிரவர் மாள வேண்டும் என்பதே அது. தீக்கும் கரையானுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேறில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவினும் நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு குறைந்தது. அதனை ஒத்த மழைக்குறைவு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்ததில்லை. ஆனால், அம்மழைக் காலத்தில் மக்கள் எதனைப் பேசினர்? நவம்பர் 8ஆம் நாள் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 5ஆம் நாள் முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார். டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. சனவரியில் சல்லிக்கட்டுக்காக மாணவரும் இளைஞரும் மெரினாவில் திரண்டனர். இவற்றிடையே பயிர் கருகிய செய்தி எங்கே நுழைவது? 2017 சனவரி 10ஆம் நாள் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என அரசு அறிவித்தது. அதற்கு முன்பே, கடன்பட்ட உழவர் பலர் வாடிய வயலைக் கண்டு உயிர் துறந்திருந்தனர்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில், தமிழ்நாட்டு உழவர் சிலர் அய்யாக்கண்ணு என்பாரின் தலைமையில் தில்லி சென்று ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். மாண்ட உழவருடையவை எனக் கூறி மண்டை ஓடுகளைக் கழுத்தில் அணிந்தனர். எலியை வாயிற் கவ்வினர். நாற்பத்தொரு நாட்கள் அறப்போர் நிகழ்ந்தது. அதன் பின்னரே நாடெங்கும் உள்ளவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தனர். அவர்தம் செய்கை முறையா எனச் சிலர் வினவினர். அவ்வினாவுக்கு முன்னர் வினவத்தக்க வினா ஒன்று உண்டு: உலகுக்கு உணவளிக்கும் உழவன் எலியைக் கவ்வினாலன்றி நம் கண்ணுக்குத் தென்படாமைக்குக் காரணர் யாவர்?

குரல் எழாத ஊர்

ஐந்தாம் காரணம், துன்புறுவோர்க்குக் குரல் இன்மை. துன்பத்தை எடுத்துரைக்கச் செய்தியாளரும் சாலையும் தொலைபேசியும் வேண்டும். பெருநகரங்களில் இவை நிரம்ப உண்டு. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, தெருத்தெருவாகப் படங்கள் வந்தன. இரு வாரங்களுக்குப் பின், டிசம்பர் 17, 18ஆம் நாட்களில், தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் பெய்யும் மழையே பல ஊர்களில் அவ்வளவு இல்லை. திருவைகுண்டத்தில் செந்தூர் விரைவு இரயிலில் ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் சிக்கிக்கொண்டனர். அச்செய்தி நாடெங்கும் பரவியது. அதே வேளையில், தாமிரவருணியின் கரையில் உள்ள ஏரல் முதலிய ஊர்கள் சாலை துண்டிக்கப்பட்டு, மின்சாரமும் தொலைபேசியும் இன்றி நீர் நடுவே நின்றன. அவற்றின் நிலை வெளியுலகுக்குத் தெளிவாகத் தெரியச் சில நாட்கள் சென்றன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பேரிடர்க் காலத்தில் ‘காப்பாற்றுங்கள்’ என்று கூவும் ஊருக்குக் கூவும் ஆற்றலேனும் எஞ்சியிருக்கின்றது. செய்தியே வாராத ஊர் நலமாயிருக்கும் ஊரென்று எண்ணலாகாது. அதுவே எல்லாவற்றினும் மிகுதியாகத் துன்புறும் ஊராக இருத்தல் கூடும்.

நாள்தோறும் நிகழ்வதால் செய்தியாகாத துயரங்களும் உண்டு. சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் சிவனும் திருமாலும் ஒருவரே என்று உணர்ந்த தலம் சங்கரன்கோவில் என்று தலபுராணம் கூறும். பாம்பு முதலிய நச்சுயிர்களால் தீங்கு நேராதிருக்க வேண்டி, இக்கோயிலின் புற்றுமண்ணை மக்கள் எடுத்துச் செல்வர். அவ்வச்சம் வீணானதன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 58,000 பேர்! ஆழிப்பேரலையால் இந்தியாவில் மாண்டோரையும் காணாமற் போனோரையும் கூட்டினாலும், அத்தொகையைப்போல் இது மூன்று மடங்கிற்கும் மேற்பட்டது. அவருள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். ஒருவர் வயலில் மாண்டார். ஒருவர் வீட்டுத் திண்ணையில் மாண்டார். ஒரே நாளில், ஒரே இடத்தில் மாளாமையால் அவர்க்காக எந்த உண்டியலும் வைக்கப்படவில்லை. கடியுண்டவரைக் காலம் தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசென்று நச்சுமுறி மருந்து அளித்தால் பெரும்பாலோரைக் காக்கலாம். அம்மருந்து சிற்றூர் மருத்துவமனைகளில் எப்போதும் இருக்க வேண்டுமானால், இத்துயரத்தின் மேல் மக்கள் கண் படவேண்டும்.

கண் பட்டதால் பிழைத்தோர்

கவனம் என்பது வெறும் பேச்சன்று. அது சோறாகவும் மருந்தாகவும் மாறுவது. வரலாறு இதற்குச் சான்று கூறும்.

1876ஆம் ஆண்டு மழை பொய்த்து, சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம் தோன்றியது. ‘தாது ஆண்டுப் பஞ்சம்’ எனப் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1877 சனவரி முதல் நாள், விக்டோரியா இந்தியப் பேரரசியானதைக் கொண்டாடத் தில்லியில் பெருந்தர்பார் நடந்தது. தெற்கே மக்கள் மடியும்போது, வடக்கே முரசு முழங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில், சென்னையில் கூடியோர் இலண்டன் மாநகரத் தலைவருக்குத் தந்தி அனுப்பினர். அதன்பின் அங்குத் திரட்டப்பட்ட நிதி ஆறு இலட்சம் பவுனுக்கு மேற்பட்டது. உதவும் நெஞ்சம் அங்கு இல்லாமல் இல்லை. துயரம் அவர் காதில் விழுவதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது. அப்பஞ்சத்தில் மடிந்தோர் ஐம்பது இலட்சத்திற்குக் குறையார்.

1943இல் வங்காளத்தில் பஞ்சம் நேர்ந்தது. உலகப்போர்க் காலமாதலின், செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழ், தன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் துணிந்ததால், தெருவில் பட்டினியால் வாடுவோரின் படங்களை வெளியிட்டது. மறைத்து வைத்த துயரம் உலகுக்கு வெளிப்பட்டது; அரசினர் விடையிறுக்க வேண்டியவராயினர். ஆயினும் காலம் கடந்துவிட்டது. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர்.

வங்காளப் பஞ்சத்தைச் சிறுவயதிற் கண்ட அமர்த்தியா சென், பின்னாளில் 1998ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றார். தேர்தலும் உரிமையுள்ள செய்தித்தாள்களும் இருக்கும் நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்பது அவர் எடுத்துரைத்த உண்மை. அதனோடு அவர் மற்றொன்றையும் கூறினார். பெரும்பஞ்சத்தைத் தடுக்க வல்ல அச்செய்தித்தாள்கள், நாள்தோறும் அரைவயிறு உண்ணும் ஏழையின் மெலிவைப் பெரிதாக எடுத்துரைப்பதில்லை என்பதே அது. தீயை அணைக்கக் கற்றுக்கொண்டோம். கரையானைக் காணக் கற்றுக்கொள்ளவில்லை.

நம் கடமை

மாணவர்களே! மக்கள் வன்னெஞ்சர் என்று கொள்ளற்க. கண் முன் தீ எரிந்தால் ஓடாதவர் அரியர். ஆனால், கண் தானாகவே ஒளியை நோக்கிச் செல்லும். இருளை நோக்கி அதனை நாமே திருப்ப வேண்டும். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் உள்ள வேறுபாடுகளுள் இஃது ஒன்றாக இருத்தல் வேண்டும்.

ஓர் இடரைப் பற்றிக் கேட்கும்போது, எத்தனை முறை கேட்டோம் என்பதைக் கொண்டு அதன் அளவை மதிப்பிடாதீர்கள். எத்தனை பேர் துன்புற்றனர் என்பதைக் கேளுங்கள். செய்தி வந்த ஊரோடு, செய்தி வாராத அடுத்த ஊரையும் எண்ணுங்கள். செய்தியாளர் சென்ற பின்னரும் துயரம் அங்கேயே இருக்கும் என்பதை மறவாதீர்கள். அதைவிட எளிய கடமை ஒன்று உங்கள் வகுப்பறையிலேயே உள்ளது. பக்கத்தில் இருக்கும் தோழன் இரண்டு நாள் வாராதிருந்தால், அவன் வீட்டுக்குச் சென்று ‘ஏன் வரவில்லை?’ என்று கேளுங்கள். கேட்டறிந்ததை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் வாளா இருந்தால் மறுமுறையும் சொல்லுங்கள்.

சூளைக்குச் சென்ற அம்மாணவனை நான் மீண்டும் காணவில்லை. ஆழிப்பேரலைக்குப் பின் ஓய்வு பெறும் வரை, வருகைப் பதிவேட்டில் வராமைக் குறி இடுமுன் ஒரு வினா வினவுவதை வழக்கமாகக் கொண்டேன். அதனால் மீண்டு வந்த பிள்ளைகள் சிலர் உண்டு. அவர்களைக் காணும்போது மகிழ்ச்சி தோன்றும். உடனே மூன்றாம் வரிசையில் இருந்தவன் நினைவும் தோன்றும்.